மேடையில் தந்த நாற்காலி, மனுவில் கேட்கும் நாற்காலி

கற்பிட்டிக் குடாநாட்டில் தரை என்றால் மணல். பாலாவிச் சந்தியில் திரும்பினால் வலப்பக்கம் களப்பும் இடப்பக்கம் கடலுமாகச் சுமார் 40 கிலோமீற்றர் ஓடும் வீதி. அதை விட்டு நுரைச்சோலையிலோ ஆலங்குடாவிலோ கந்தக்குளியிலோ ஒரு ஒழுங்கைக்குள் இறங்கினால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடிக்க வேண்டிவரும். கொங்கிரீட் போட்ட ஒழுங்கைகள் இப்போது கூடியிருக்கின்றன. ஆனாலும் வீட்டுப் படலையிலிருந்து கொங்கிரீட் வரைக்கும் மணல்தான்.

வைத்தியசாலைத் தரைக்கென்று செய்த சக்கர நாற்காலியை இந்த மணலில் இறக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பின்னால் இரண்டு பெரிய சில்லு, முன்னால் உள்ளங்கையளவுச் சின்னச் சில்லு இரண்டு. இருப்பவரின் பாரம் முன்னுக்குச் சாயும்போது சின்னச் சில்லுகள் மணலுக்குள் இறங்கி நின்றுவிடும். பலமாகத் தள்ளினால் ஆள் முகங்குப்புற விழுவார். அதனால் வீட்டார் நாற்காலியைத் திருப்பி, பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போவார்கள். போகிற இடத்தைப் பார்க்காமல், விட்டு வந்த இடத்தையே பார்த்துக்கொண்டு அவர் போக வேண்டும். சில மாதங்களில் உப்புக்காற்று பேரிங்கைத் தின்றுவிடும். பிறகு அது கோழி ஏறி நிற்கும் சாமானாகக் கொட்டில் பின்னால் கிடக்கும்.

மணலுக்கேற்ற நாற்காலி உலகத்தில் இல்லாமலில்லை. முன்னால் நீட்டித் தள்ளி வைத்த ஒற்றைச் சில்லோடு, நீண்ட அடிச்சட்டத்தில் செய்த மூன்று சில்லு வகை கரடுமுரடான நிலத்துக்கென்றே உருவாக்கப்பட்டது. ஆளின் உடலளவையும் அவர் வாழும் நிலத்தையும் பார்த்துத்தான் நாற்காலி கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2008இலேயே வழிகாட்டி நூல் வெளியிட்டுவிட்டது. அப்படியானால் இந்தக் கரைக்கு ஏன் வார்ட்டு நாற்காலியே வந்துகொண்டிருந்தது? வாங்குகிறவருக்கு அதைக் கேட்டுப் பெறும் உரிமை இருக்கவில்லை. கொடுத்ததை வாங்கினார்கள்.

1990 ஒக்ரோபர் இறுதியில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அவர்களில் பெரும்பாலானோர் வந்து ஒதுங்கியது இந்தப் புத்தளம் கரையில். தில்லையடி, பாலாவி, ஆலங்குடா என்று தென்னந்தோப்புகளுக்கிடையே கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. நடக்க முடியாத வாப்பாவைத் தோளிலும் கதிரையிலும் தூக்கி வந்த கதைகள் இங்கே இன்னும் சொல்லப்படுகின்றன. அந்தக் கொட்டில்களில் முதல் கேள்வி அரிசி, இரண்டாவது கேள்வி தண்ணீர். காது கேளாத பிள்ளைக்குக் கருவி, கண் தெரியாதவருக்கு வெள்ளைப் பிரம்பு, கால் இழந்தவருக்குச் செயற்கைக் கால் எல்லாம் பட்டியலின் அடியில் இருந்தன. சொல்லப்போனால் அப்படியொரு பட்டியலே இருக்கவில்லை.

வந்தவர்களுக்கு மட்டுமல்ல, காலங்காலமாக இங்கேயே இருந்தவர்களுக்கும் நிலைமை அதுதான். உடப்பில் கரைவலை இழுத்தவருக்கும், புத்தளம் உப்பளத்தில் வேலை செய்தவருக்கும், சிலாபத்தில் மீன் விற்றவருக்கும் உதவிக் கருவி என்பது யாரோ மனமிரங்கிக் கொடுக்கும் பொருள். பள்ளிவாசல் நிர்வாகம், கோயில் சபை, பங்குத்தந்தை, நற்பணிக் கழகம், வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம், தேர்தல் கிட்டினால் அரசியல்வாதி. பாடசாலை மண்டபத்தில் மேடை போட்டு, பெயர் வாசித்து, ஒவ்வொருவராக அழைத்துப் படம் எடுத்துக்கொண்டு கொடுப்பார்கள். இடுப்பளவு கேட்டவர் இல்லை. வீட்டுக்குப் போகும் வழி மணலா தாரா என்று விசாரித்தவர் இல்லை. ஆறு மாதத்தில் சில்லு கழன்றால் யாரிடம் போவது என்று எந்தத் துண்டிலும் எழுதியிருக்கவில்லை.

அந்தக் கொடையாளிகளைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. 1831இல் தொடங்கிய கொழும்பு நண்பர்கள் உதவிச் சங்கம் 1985 முதல் ஜெய்ப்பூர்க் கால் செய்து கொடுத்திருக்காவிட்டால், 1987இல் யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் தொடங்கியிருக்காவிட்டால், போர்க்காலத்தில் எத்தனையோ பேர் தவழ்ந்தே வாழ்ந்திருப்பார்கள். குறை மனிதர்களில் இல்லை, முறையில் இருந்தது. கொடுக்க மறுத்தால் ஏன் என்று கேட்க முடியாத இடத்தில், கொடுத்ததும் சரியானதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் வராது.

அரசாங்கத்தின் பக்கம் அன்று இருந்தது கொஞ்சம். அரச வேலைகளில் 3 வீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று 1988இல் பொது நிர்வாக அமைச்சு ஒரு சுற்றறிக்கை விட்டது. வேலைக்கு வர உதவும் கருவியைப் பற்றி அந்த 3 வீதத்தில் பேச்சில்லை. போரில் காயப்பட்ட படையினருக்கென்று ரணவிரு சேவா அதிகாரசபை 1999இல் சட்டத்தோடு உருவானது. அது அவர்களுக்குக் கிடைக்க வேண்டியதே. அதே போரில் கண்ணிவெடியில் கால் போன மீனவருக்கு அப்படியொரு அதிகாரசபை இருக்கவில்லை.

சட்டம் முதன்முதலாகப் பேசத் தொடங்கியது 1996இல். அந்த ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க வந்தது. அதன் 23ஆம் பிரிவு, வேலைக்கு எடுப்பதிலும் கல்வி நிலையங்களில் சேர்ப்பதிலும் பாரபட்சம் கூடாது, பொதுமக்கள் போகக்கூடிய கட்டிடத்துக்குள் அவர்கள் போவதைத் தடுக்கக் கூடாது என்கிறது. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம் என்கிறது 24ஆம் பிரிவு. கொழும்புக்குப் போகத் தேவையில்லை, புத்தளத்திலேயே, சிலாபத்திலேயே கேட்கலாம். இந்தக் கரையில் வாழ்கிறவருக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பது அன்றும் அதிகம் பேசப்படவில்லை, இன்றும் பேசப்படுவதில்லை.

ஆனால் அதே சட்டம் மாற்றுத்திறனாளி யார் என்று சொன்ன விதம் பழைய கண்ணோட்டத்திலேயே நின்றது. உடல் அல்லது மனத் திறனிலுள்ள குறைபாட்டால் வாழ்க்கைத் தேவைகளைத் தானாகவே முழுமையாகவோ பகுதியாகவோ நிறைவேற்றிக்கொள்ள இயலாதவர் என்பது அதன் வரைவிலக்கணம். மணலையும் படிக்கட்டையும் அது கணக்கில் எடுக்கவில்லை, குறையை முழுக்க மனிதருக்குள் வைத்தது. கருவி கிடைத்தால் அதே மனிதர் எத்தனை வேலையைத் தானாகச் செய்வார் என்ற எண்ணமே அந்த வரியில் இல்லை. கருவியைப் பெறும் உரிமை அந்தச் சட்டத்தில் தனியாக எழுதப்படாமல் போனதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அடுத்து வந்த பெரிய முன்னேற்றம் கட்டிடங்கள் பற்றியது. 2006 ஒக்ரோபரில் அணுகுவசதி ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாகின. பொதுக் கட்டிடங்களில் சாய்தளம், அகலமான கதவு, பயன்படுத்தக்கூடிய கழிப்பறை வேண்டும், இருக்கிற கட்டிடங்களுக்கு மூன்று ஆண்டு அவகாசம் என்றன. அவகாசம் ஓடிக்கொண்டிருந்தது, படிக்கட்டுகள் அப்படியே இருந்தன. அப்போது ஒருவர் நீதிமன்றப் படியேறினார் என்று சொல்வது வழக்கம். அவரால் படி ஏற முடியாது என்பதுதான் வழக்கின் சாரமே.

அஜித் சி. எஸ். பெரேரா இரசாயனவியலாளர், கிரிக்கெட் நடுவர். 1992 நவம்பரில் வீதியோர மரமொன்று அவர் பயணித்த காரின்மேல் சாய்ந்தது. அன்றிலிருந்து சக்கர நாற்காலி. 2009இல் உயர் நீதிமன்றத்தில் அவர் தாக்கல் செய்த 221ஆம் இலக்க அடிப்படை உரிமை மனுவில் 2011 ஏப்ரல் 27 அன்று கட்டளை பிறந்தது. புதிதாகக் கட்டும் பொதுக் கட்டிடங்கள் 2006 ஒழுங்குவிதிகளுக்கு அமைய வேண்டும், அமையாத வரைபடங்களுக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்றது நீதிமன்றம். ஒரு தனிமனிதர், அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையிலுள்ள சமத்துவத்தைப் பற்றிக்கொண்டு, நாட்டின் கட்டிடங்களைத் திருத்தச் சொன்னார். 2020இல் அவர் காலமாகும்வரை அதையே பேசிக்கொண்டிருந்தார், எழுதிக்கொண்டிருந்தார். இன்று புத்தளத்திலோ சிலாபத்திலோ ஒரு வங்கி வாசலில் சாய்தளத்தைக் கண்டால் எனக்கு அவர் நினைவு வரும். அது சில இடங்களில் ஏற முடியாத செங்குத்தில் இருப்பதைக் காணும்போது, கட்டளை கொழும்பிலிருந்து இங்கே வந்து சேர்வதற்குள் எவ்வளவு கரைந்துவிட்டது என்ற ஆதங்கமும் வரும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். சட்டம் வங்கி வாசலைத் திறந்தது. வங்கி வாசல்வரை வருவதற்கான நாற்காலியைப் பற்றிப் பேசவில்லை. பாடசாலையில் சேர்க்க மறுக்கக் கூடாது என்றது. சேர்ந்த பிள்ளை ஆசிரியரின் குரலைக் கேட்பதற்கான கருவியை யார் தருவது, அதன் மின்கலம் தீர்ந்தால் யார் வாங்குவது என்று சொல்லவில்லை. கேட்கும் கருவியின் மின்கலம் சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. மேலே ஒட்டியிருக்கும் தாளை உரித்தால் காற்று உள்ளே போய் வேலை செய்யத் தொடங்கும், ஒன்றிரண்டு வாரத்தில் ஓய்ந்துவிடும். கருவியை இலவசமாகக் கொடுத்துவிட்டு மின்கலத்தைக் குடும்பத்தின் தலையில் விட்டால், கருவாடு காயவைத்துப் பிழைக்கும் தாய் எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பார்? பிள்ளை கருவியைப் போடவில்லை, பழகவில்லை என்று பாடசாலையில் எழுதிவைப்பார்கள். பழகாதது பிள்ளையல்ல.

அமெரிக்காவில் இந்த இடைவெளியை அடைப்பதற்கென்றே தனிச் சட்டம் 1988இல் வந்தது. உதவித் தொழில்நுட்பத்தை மக்களிடம் சேர்ப்பதற்கு மாநிலங்களுக்குப் பணம் கொடுத்தது அது. 1994இல் அதைப் புதுப்பித்தபோது, கருவி மறுக்கப்பட்டவர்களுக்காக வாதாடும் சட்ட உதவியும் சேர்ந்தது. மின்சார நாற்காலிக்குப் பணம் தர மறுக்கும் காப்புறுதியோடு மோதுவது, பேச இயலாத பிள்ளைக்குப் பேசும் கருவி வாங்கித் தரச் சொல்லிப் பாடசாலையோடு மோதுவது, பாடசாலை வாங்கிய கருவியைப் பிள்ளை வீட்டுக்கு எடுத்துப்போக விடவேண்டும் என்று வாதாடுவது என்று அந்தச் சட்டத்தரணிகளின் வேலை எல்லாம் ஒரு தனி ஆளையும் ஒரு தனிக் கருவியையும் சுற்றியே நடக்கிறது. சாய்தள வழக்கில் ஒருவர் வென்றால் எல்லோருக்கும் பலன். கருவி வழக்கை ஒவ்வொரு உடலுக்காகவும் தனித்தனியே நடத்த வேண்டும். அதற்கு ஊருக்கு ஊர் சட்ட உதவி வேண்டும். நம்மிடம் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. காணி வழக்கோடும் தாபரிப்பு வழக்கோடும் கருவி வழக்கையும் அது தன் அன்றாட வேலையாக எடுத்துக்கொண்டால் எவ்வளவோ மாறும்.

இந்தியாவில் வேறொரு முனையில் போராட்டம் நடக்கிறது. 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது சக்கர நாற்காலிக்கும் பிரெய்ல் சாதனங்களுக்கும் 5 வீதம் விழுந்தது. நடப்பதற்கு வரியா என்று அங்குள்ள மாற்றுத்திறனாளி அமைப்புகள் கொதித்தன, வழக்கும் போனது. 2024 நவம்பரில் வேறொரு வழக்கான ராஜீவ் ரதூரி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், அணுகுவசதி விதிகளைப் பரிந்துரையாக விட்டுவைக்க முடியாது, கட்டாயமாக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது.

நம் நாட்டில் உண்மையான வாக்குறுதி 2016 பெப்ரவரியில் வந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையில் 2007இலேயே கையெழுத்திட்ட இலங்கை, அந்த மாதம்தான் அதை ஏற்றுறுதிப்படுத்தியது. அதன் 20ஆம் உறுப்புரை நேரடியாகப் பேசுகிறது: தரமான நடமாட்டக் கருவிகளும் உதவித் தொழில்நுட்பங்களும் தாங்கக்கூடிய செலவில் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும், பயிற்சியும் கொடுக்க வேண்டும், கருவி செய்கிறவர்கள் எல்லா வகை நடமாட்டத்தையும் கருத்தில் கொள்ள ஊக்குவிக்க வேண்டும். கற்பிட்டி மணல் இந்த வரிகளுக்குள் அடங்கும்.

தடை எங்கே என்றால், நம் நீதிமன்றங்கள் சர்வதேச உடன்படிக்கையை நேராக எடுத்துத் தீர்ப்பெழுதுவதில்லை. நாடாளுமன்றம் உள்ளூர்ச் சட்டமாக்கினால்தான் அது செல்லும் என்பதை 2006 செப்டெம்பரில் சிங்கராசா வழக்கில் உயர் நீதிமன்றம் கறாராகச் சொன்னது. அதனால் 1996 சட்டத்துக்குப் பதிலாக, உடன்படிக்கைக்கு இசைவான புதிய சட்டம் அவசியம். அந்தச் சட்டமூலம் ஆண்டுக்கணக்காக வரைவுகளாகவே சுற்றிவந்தது. 2024 பொதுத் தேர்தலுக்குப் பிறகு சுகத் வசந்த டி சில்வா தேசியப் பட்டியலில் நாடாளுமன்றம் போனார். நாட்டின் முதல் பார்வையற்ற உறுப்பினர். சட்டம் இயற்றும் சபையில் அப்படி ஒருவர் உட்கார்ந்திருப்பதே பெரிய மாற்றம். வரைவுக்குள் கருவியை அளவெடுத்துக் கொடுத்தல், பழுதுபார்த்தல், மாற்றிக் கொடுத்தல் என்ற சொற்கள் நுழைய வேண்டும் என்பதில் என்னால் விட்டுக்கொடுக்க முடியாது. "வழங்கலாம்" என்று எழுதினால் மறுபடியும் மேடைதான். "வழங்க வேண்டும்" என்று எழுத வேண்டும்.

இன்று இந்தக் கரையில் ஒருவருக்குக் கருவி வேண்டுமென்றால் வழி முன்பைவிடத் தெளிவாக இருக்கிறது. கிராம சேவகரின் கடிதம், வைத்தியரின் சான்று, பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விண்ணப்பம். மாதக் கொடுப்பனவும் இருக்கிறது, 2025 வரவு செலவுத் திட்டத்தில் அது 7,500 ரூபாயிலிருந்து 10,000 ஆனது. செயற்கைக் கால் செய்யப் பயிற்சி பெற்றவர்களை உருவாக்க 2004 முதல் ராகமையில் தனிப் பாடசாலை இருக்கிறது. அங்கேயே புனர்வாழ்வு வைத்தியசாலையும் இருக்கிறது. புத்தளம் ரயில்பாதை பிரிவதும் அதே ராகமையில்தான். பாதை நேரே கொண்டுபோய் விடுகிறது. ஆனால் ரயில் பெட்டிக்கும் மேடைக்கும் இடையிலுள்ள உயரத்தை, புதிய கால் தேடிப் போகிறவர் பழைய ஊன்றுகோலோடு தாண்ட வேண்டும்.

கைபேசி செய்த மாற்றத்தை எந்தச் சட்டமும் செய்யவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2006இல் வந்த என்விடிஏ இலவசத் திரைவாசிப்பான் கணினியைத் தமிழில் பேசவைத்தது. இப்போது சாதாரண ஆன்ட்ராய்ட் கைபேசியே தமிழ்ச் செய்தியை வாசித்துக் காட்டுகிறது. கண் தெரியாத ஒரு வியாபாரி கைபேசியைக் காதில் வைத்து வங்கிக் குறுஞ்செய்தியைத் தானே கேட்டுக்கொள்கிறார், கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பது அக்கம்பக்கத்துக்குத் தெரிய வேண்டியதில்லை. இந்த அந்தரங்கம் முன்பு அவருக்கு வாய்க்கவில்லை. ஆனால் அரசாங்கப் படிவம் படமாக மாற்றிய பிடிஎஃப் ஆக வந்தால் கைபேசி வாயடைத்துப்போகும். அங்கே மறுபடியும் சட்டம் வேண்டும்.

கருவி வேண்டியவர்களின் தொகையும் கூடுகிறது. 2012 குடிசன மதிப்பீட்டில் 5 வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதத்தினர், ஏறத்தாழ 16 இலட்சம் பேர், ஏதோவொரு செயற்பாட்டில் சிரமம் உள்ளவர்களாகப் பதிவானார்கள். உலகத்தில் 250 கோடிப் பேருக்கு ஏதாவதொரு உதவிக் கருவி தேவை என்றும், சில வறிய நாடுகளில் தேவைப்படுவோரில் 3 வீதத்தினருக்கே அது கிடைக்கிறது என்றும் 2022இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் சேர்ந்து சொல்லின. இந்தக் கரைக்கென்று தனியான காரணமும் உண்டு. கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டர் கட்டி இறங்கும் சுழியோடிகள், ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்தால் இரத்தத்தில் வாயுக் குமிழ் கட்டி முதுகுத்தண்டு தாக்கப்படும். காலையில் படகேறிய இளைஞன் மாலையில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கரைக்கு வருவான். 1934ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் முதலாளி, தொழிலாளி என்ற உறவை எதிர்பார்க்கிறது. பங்குக்குக் கடலுக்குப் போகிறவர் அந்த உறவை நிரூபிப்பதற்கே தனியாக வாதாட வேண்டும். நட்டஈடு வராவிட்டால் நாற்காலி மறுபடியும் யாரோ ஒருவரின் இரக்கம்.

மாறியது எது என்று கேட்டால், கேட்கும் விதம் என்பேன். முன்பு "ஐயா பார்த்துச் செய்யுங்கோ" என்று கைகட்டி நின்ற இடத்தில் இப்போது சிலர் தாளோடு போகிறார்கள். 2016இன் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு கடிதம்: கடந்த ஆண்டு இந்தப் பிரதேச செயலகப் பிரிவுக்கு எத்தனை கருவி வந்தது, எந்த அடிப்படையில் கொடுத்தீர்கள், என் விண்ணப்பம் வரிசையில் எங்கே? 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்துக்குச் சட்டத்தரணி தேவையில்லை, தமிழில் எழுதலாம். பல சந்தர்ப்பங்களில் கடிதம் போன பிறகே கோப்பு மேசைக்கு வருகிறது.

இதைத் தாண்டிப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவுக்கு இருப்பது ஒரே ஒரு மாதம். கற்பிட்டியிலிருந்து கொழும்புப் புதுக்கடை வரை போய், சட்டத்தரணி பிடித்து, பணம் புரட்டுவதற்குள் அது முடிந்துவிடும். ஆனால் அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதிவிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது என்று 1996இன் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. முறைப்பாட்டுக்குக் கட்டணம் இல்லை. மாதம் எந்த நாளில் தொடங்கியது என்று காட்டுவதுதான் சிக்கல், ஏனென்றால் இங்கே மறுப்பு வாயால்தான் வருகிறது: "இப்ப சாமான் இல்லை, பிறகு வாங்கோ." அந்தப் பதிலை எழுத்தில் தரச் சொல்லிக் கேட்க வேண்டும், திகதியும் கையொப்பமும் முத்திரையும் போட்டு. தர மறுத்தால், இன்ன நாளில் இன்ன உத்தியோகத்தர் இப்படிச் சொன்னார் என்று அன்றைக்கே பதிவுத் தபாலில் அந்தக் காரியாலயத்துக்கே எழுதிவிட்டு, தபால் துண்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.